நின்றபடி சைக்கிள் ஓட்டிய மிசி

மிசியின் சைக்கிளில் சீற்றுக்கு மட்டும் வயதே ஆகவில்லை. மட்காட் துருப்பிடித்து ஓட்டை விழுந்திருந்தது. மணியின் மூடி எங்கேயோ கழன்று போயிருந்தது. சீற் மட்டும் கடையில் சுற்றிக் கொடுத்த பிளாஸ்டிக் உறையோடு பளபளத்தது. ஏனென்றால் அவர் அதில் உட்காருவதே இல்லை. பெடல்களில் ஏறி நின்றே மிதிப்பார். வட்டையில் நெல் அறுத்துக்கொண்டிருப்பவர்கள் நிமிர்ந்து பார்த்தால், கதிர்களுக்கு மேலால் ஒரு வெள்ளைச் சீருடை ஏறி இறங்கி ஏறி இறங்கிப் போய்க்கொண்டிருக்கும். கையசைத்தால் பதிலுக்குக் கையசைக்க மாட்டார். "பொஞ்சாதிக்கு இரும்புக் குளிசை குடுத்தயா?" என்று கத்திக் கேட்டுவிட்டுப் போவார்.

எங்கள் பக்கத்தில் தாதியையும் மிசி என்போம், பிரசவம் பார்க்கும் மருத்துவமாதுவையும் மிசி என்போம். இவர் அரசாங்க மருத்துவமாது. வவுணதீவுக்கு மேற்கே, படுவான்கரையில், ஏழெட்டு ஊர்களின் கர்ப்பிணிகள் இவர் பொறுப்பு. அவருக்கென்று ஒரு பெயரும் இருந்தது. அதை எழுதினால் எங்கள் ஊரில் ஒருவருக்கும் யாரென்று தெரியாது, ஆகவே எழுதவில்லை. வயது ஐம்பதைத் தாண்டியிருக்கும். கலியாணம் முடிக்கவில்லை. தன்னாமுனையில் தம்பி வீடு இருந்தது. ஆனால் கிளினிக்கோடு ஒட்டிய அறையில்தான் குடியிருப்பு. அந்த அறைக்கும் எங்கள் வளவுக்கும் இடையில் ஒரு வேலிதான். அதனால்தான் இவ்வளவும் எனக்குத் தெரியும்.

உட்காரச் சொல்வது அந்த நாட்களில் ஒரு பெரிய அதிகாரமாக இருந்தது. துவக்கு வைத்திருந்தவர்கள் ஆமியாக இருந்தாலும் இயக்கமாக இருந்தாலும் எங்களிடம் முதலில் சொன்னது அதைத்தான். பள்ளிக்கூட மைதானத்தில் உட்கார், சாவடிக் கொட்டிலில் உட்கார், ரோட்டோரப் புல்லில் உட்கார். உட்கார்ந்தவன் ஓடமாட்டான் என்று எண்ணினார்களாக்கும். நாங்களும் உட்கார்ந்தோம். பழகிப்போய், துவக்கைக் கண்டதும் முழங்கால் தானாகவே மடிந்தது.

மிசிக்கு மடியவில்லை. ஒருமுறை இயக்கப் பொடியன்கள் எங்கள் பள்ளிக்கூட மைதானத்தில் கூட்டம் வைத்தார்கள். ஊரே மணலில் உட்கார்ந்திருக்க, நடுவில் இவர் மட்டும் கொடிக்கம்பம்போல் நின்றார். பேசிக்கொண்டிருந்த பொடியன் நிறுத்தினான்.

"அம்மா, இரிங்க. எல்லாரும் இரிந்தாத்தான் கூட்டம் அழகு."

"அழகு பாக்கிறதெண்டா கலியாண வீட்டுக்குப் போ மனே. நீ சொல்ல வந்தத சொல்லு, எனக்குக் காது நிண்டாலும் கேக்கும்."

"நான் சொல்றனெல்லோ, இரிங்க எண்டு."

"உன்ன நான்தான்டா எடுத்த. கால் முன்னுக்கு வந்த புள்ள நீ. தலையத் திருப்பு திருப்பு எண்டு எவ்வளவு நேரம் கெஞ்சின நான், நீ கேட்டயா? இப்ப நான் எதுக்கு நீ சொல்றதக் கேக்க?"

சிரிக்கக்கூடாத இடத்தில் ஊர் சிரித்தது. பொடியன் காது சிவக்கப் பேச்சைத் தொடர்ந்தான். நான் வீட்டுக்கு வந்து இந்தக் கதையை அம்மாவுக்கு நடித்தே காட்டினேன். எனக்குப் பத்தொன்பது வயது; எங்கள் பக்கத்துப் பெட்டைகளைப்போல என்னையும் 'கா' போட்டுத்தான் மிசி பேசுவார். மிசி பயமில்லாதவர் என்று நான் முடிவு கட்டியது அன்றைக்குத்தான். அது முழுதும் சரியில்லை என்பது பிறகு தெரிந்தது.

அப்போது நான் உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டு முடிவுக்காகக் காத்திருந்தேன். உயிரியல் பிரிவு. கண்ணில் பட்டவர்களுக்கெல்லாம் நோய் கண்டுபிடித்துக்கொண்டு திரிந்தேன். ஒருநாள் கிளினிக்கில் மிசி ஒரு குழந்தையைத் தராசில் நிறுத்துவிட்டு மேசைக்குத் திரும்பி நடந்தார். அவருடைய இடது கால் செருப்பு தராசடியிலேயே கிடந்தது. கழன்றது அவருக்குத் தெரியவில்லை. நடக்கும்போது அந்தப் பாதம் சிமெந்தில் 'சப், சப்' என்று அடித்தது. நான் விடவில்லை. கர்ப்பிணிகள் எல்லாரும் போனபின் கட்டிலில் படுக்கச் சொல்லி, "பெருவிரல மேல தூக்குங்க மிசி" என்றேன். வலது தூக்கியது. இடது அசையவே இல்லை.

"கண்டுபிடிச்சிட்டன்!" என்று நான் கை தட்டினேன். தட்டிய பிறகுதான் வெட்கம் வந்தது.

கூரையைப் பார்த்தபடியே அவர் சொன்னார். பதினொரு வருடமாக இடுப்பிலிருந்து குதிகால்வரை யாரோ சூடு இழுப்பதுபோல் வலி. உட்கார்ந்தால் உயிர் போகும். நின்றால் தாங்கலாம். படுத்தால் கொஞ்சம் நல்லது. எல்லாரையும் ஆசுப்பத்திரிக்குப் போ, போ என்று துரத்துகிறவர் பதினொரு வருடமாக வலிக் குளிசையில் ஓடியிருக்கிறார்.

நான் உடனே கொப்பியைத் திறந்து முதுகெலும்பை வரைந்தேன். இரண்டு எலும்புக்கு நடுவில் மெத்தை. மெத்தை பிதுங்கி நரம்பின்மேல் ஏறிக்கொண்டு நிற்கிறது. "வாய்க்கால்ல தண்ணி இறைக்கிற குழாய்க்கு மேல ட்ரெக்டர் ஏறி நிக்கிற மாதிரி மிசி! ட்ரெக்டர் நிக்க நிக்க குழாய் செத்துப்போகும்!"

"அப்ப ட்ரெக்டர எடுக்கிற ஆளக் கூட்டி வா. குழாயப் பத்தி எனக்குப் படிப்பிக்காத."

ட்ரெக்டரை எடுக்கிற ஆள் கண்டியிலிருந்து மாதத்துக்கு ஒருமுறை பட்டினத்து ஆசுப்பத்திரிக்கு வரும் எலும்பு டொக்டர். மிசி கண்டிக்குப் போய் முதுகில் மருந்து ஏற்றிப் படம் எடுத்து வந்தார். படத்தைப் பார்த்ததும் டொக்டர் ஒப்பரேசனுக்கு நாள் குறித்துவிட்டார். கால் விழத் தொடங்கிவிட்டது, இன்னும் சுணங்கினால் வலி போனாலும் கால் திரும்பாது என்று தெளிவாகவே சொன்னார். நானும் பக்கத்தில் நின்று கேட்டேன்.

அந்த நாளுக்கு மிசி போகவில்லை.

அதற்கு முதல்நாள் காலை எங்கள் பக்கம் செல் விழுந்து, பட்டினத்துக்குக் கடக்கிற பாலத்தடி ஆமிச் சாவடி பாதி நாள் மூடித் திறந்தது. ஊருக்குள் ஒருத்திக்குத் தலைப்பிள்ளை, பிரசர் ஏறி முகம் கை கால் எல்லாம் வீங்கிக் கிடந்தாள். சாவடி திறந்திருந்த நேரத்தில் அவளை ஏற்றிப்போக வாகனம் கிடைக்கவில்லை, மிசி மட்டும் கடந்து போயிருக்கலாம். போகாமல் அவளோடு நின்றுகொண்டார். மூன்றாம் நாள் அவளைப் பட்டினத்துக்கு ஏற்றிவிட்டு வந்தபோது டொக்டர் கண்டிக்குத் திரும்பியிருந்தார். இனி அடுத்த மாதம்தான்.

நான் வேலிக்கு இந்தப் பக்கம் நின்று கத்தினேன்.

"உங்கட கால் போகப்போகுது மிசி! ஒரு மாசம் எண்டா என்னெண்டு விளங்குதா உங்களுக்கு?"

"அவளிட்ட ரெண்டு உசிர் இரிந்திச்சு. என்னிட்ட அரைக் கால். எது பெரிசு?"

"இதென்ன தியாகமா?"

"வாயக் கழுவுகா! தியாகம் எண்டு இன்னொருக்காச் சொன்னா தடியெடுப்பன்."

அந்த மாதம் செருப்பு கழன்றுவிடாமலிருக்க ரப்பர் வார் போட்டுக் கட்டிக்கொண்டு நடந்தார். அடுத்த தேதிக்கு ஒரு கிழமைக்கு முன்னால் வலிக் குளிசையை நிறுத்த வேண்டும், இல்லாவிட்டால் வெட்டும்போது இரத்தம் நிற்காது என்று ஆசுப்பத்திரியில் எழுதிக் கொடுத்திருந்தார்கள். குளிசை இல்லாத அந்த ஏழு நாளும் அவர் முனகவில்லை. திட்டினார். எலும்பைத் திட்டினார், டொக்டரைத் திட்டினார், சுவரைத் திட்டினார், சாப்பாடு கொண்டுபோன என்னைத் திட்டினார். "நல்லா இரிக்கா?" என்று யாராவது பரிவாகக் கேட்டுவிட்டால் போதும், அவர்களுடைய பரம்பரையே கிளினிக் வாசலுக்கு இழுத்து வரப்படும். ஆனால் அந்த ஏழு நாளும் கர்ப்பிணிகளைப் பார்த்தார். கட்டிலில் குப்புறப் படுத்துக்கொண்டு, அவர்களைப் பக்கத்தில் நிற்கவைத்து, கையை நீட்டி வயிற்றைத் தொட்டுப் பார்த்தார். தான் இல்லாத மூன்று மாதத்துக்கு யார் யார் எந்தக் கிழமையில் பாலம் கடக்க வேண்டும், பட்டினத்தில் யார் வீட்டில் தங்க வேண்டும் என்று ஒவ்வொருத்தியையும் திருப்பிச் சொல்லவைத்தார்.

அந்தப் பெண்கள்தான் அவருடைய பையை அடுக்கினார்கள். ஆசுப்பத்திரிக்குப் போக எப்படிப் பை அடுக்குவது என்று அவர்களுக்கு மனப்பாடம். மிசியே அடித்து அடித்துச் சொல்லிக்கொடுத்த பட்டியல் அது. அதன்படி ஒன்றுவிடாமல் அடுக்கி, வாயைத் தைத்ததுபோல் கட்டி, என் கையில் தந்தார்கள். நானும் திறந்து பார்க்கவில்லை.

புதன்கிழமை காலையில் ட்ரெக்டர் பெட்டியில் மெத்தை போட்டு மிசியைப் படுக்கவைத்துக் கொண்டுபோனோம். மறுநாள் ஒப்பரேசன். சாவடியில் எல்லாரும் இறங்கி நடக்க வேண்டும். அக்கரையில் மிசியின் தம்பி வாடகை வான் ஒன்றோடு காத்து நின்றார். நடுவில் இருந்தது இருநூறு அடிதான்.

சாவடியில் புது ஆட்கள் மாறியிருந்தார்கள். மிசியை யாருக்கும் தெரியாது. கொட்டிலுக்குள் எல்லாரும் தரையில் வரிசையாக இருக்க, மிசி கூரையைத் தாங்கிய கப்பைப் பிடித்துக்கொண்டு நின்றார். என் வயதுதான் இருக்கும், ஒரு சிப்பாய் வந்து, "வாடிவென்ன" என்றான். 'உட்காருங்கள்' என்பதற்கான அந்தச் சிங்களச் சொல் எங்கள் ஊரில் பால்குடிப் பிள்ளைக்கும் தெரியும். மிசி தலையை ஆட்டினார். அவன் இன்னும் சத்தமாகச் சொன்னான். நான் எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் முதுகு, நரம்பு, ஒப்பரேசன் என்று கொட்டினேன். அவனுக்கு ஒன்றும் ஏறவில்லை. துவக்கின் முனையால் தரையைக் காட்டினான். பிறகு நாங்கள் வந்த பாதையைக் காட்டினான். இரு, இல்லாவிட்டால் திரும்பிப் போ.

திரும்பினால் இந்த மாதமும் போய்விடும். காலும் போய்விடும்.

"ஒருக்கா இரிங்க மிசி, கும்பிட்டுக் கேக்கிறன். பல்லக் கடிச்சிக்கிட்டு ஒரு நிமிசம்."

"இரிந்தா ஒழும்ப ஏலாகா. எனக்குத் தெரியும் என்ட முதுகு. ஒழும்ப ஏலாட்டி இஞ்சயே கிடக்கிறதா?"

"அப்ப என்ன செய்ற?"

அவர் யோசித்தார். பிறகு கப்பை விட்டுவிட்டு, ஒற்றைக் காலில் தத்தித் தத்திக் கொட்டிலுக்கு வெளியே போனார். ரோட்டின் நடுவுக்கு வந்து, கையை ஊன்றிச் சாய்ந்து, வெள்ளைச் சீருடையோடு நீட்டி நிமிர்ந்து படுத்துவிட்டார். முகத்தில் வெயில். கண்ணை மூடிக்கொண்டார்.

"இருக்கத்தானே சொல்றான். படுக்க வேணாமெண்டு சொல்லல்லயே" என்றார்.

பின்னால் ஒரு லொறி வந்து நின்றது. முன்னால் அக்கரையிலிருந்து ஒரு ஜீப் வந்து நின்றது. ஹோர்ன் அடித்தார்கள். சிப்பாய்க்கு அழுகை வரும்போல் இருந்தது. எனக்கும்தான். சார்ஜன் ஒருவர் பனியனோடு ஓடிவந்தார். மிசியைப் பார்த்தார், சீருடையைப் பார்த்தார், பிறகு பையைத் திறக்கச் சொன்னார். திறந்தேன். பிறந்த பிள்ளைக்குத் தொப்பி. பிள்ளைக்குக் காலுறை. நாலாய் மடித்த பழைய சாரித் துண்டுகள் ஒரு கட்டு. பவுடர் டப்பா. கறுப்புப் பொட்டுச் சிமிழ். சார்ஜன் தொப்பியை ஒரு விரலில் மாட்டிக்கொண்டு தலை நரைத்த மிசியைக் குனிந்து பார்த்தார்.

"பபா கோ?" என்றார். குழந்தை எங்கே என்று கேட்கிறார்.

மிசி ஒரு கண்ணைத் திறந்தார். தொப்பியைக் கண்டார். தன்னுடைய பட்டியல் தன் தலையிலேயே விழுந்தது அப்போதுதான் அவருக்கு விளங்கியது. சிரிப்பு வந்தது, சிரித்தால் இடுப்பு வலித்தது, வலித்ததில் இன்னும் சிரித்தார். கையைப் பின்னுக்குக் கொண்டுபோய் முதுகைக் காட்டினார்.

"இஞ்சதான் நிக்குது. பதினொரு வருசமா வெளிய வரமாட்டனெண்டு!"

இதை நான் எந்தப் பாசையில் எப்படிச் சொன்னேன் என்று இப்போது ஞாபகமில்லை. சார்ஜன் விளங்கிக்கொண்டார். அல்லது ஜீப்பில் இருந்தவரின் பொறுமை முடிந்துவிட்டது என்பது அவருக்கு விளங்கியது. காவலரணிலிருந்து ஒரு நீளப் பலகை வந்தது. நாலு பேர் வந்தார்கள். அதற்குப் பிறகு கட்டளை எல்லாம் தரையிலிருந்துதான்.

"நீ தோளப் புடி. நீ இடுப்பு. முறுக்காத! எல்லாரும் ஒரே நேரத்தில உருட்டோணும், மரக்கட்டையப் போல. ஹெமின், ஹெமின்!" மெதுவாக என்பதற்குப் பயிற்சிப் பள்ளியில் கற்ற சிங்களம் அது. வாடிவென்ன சொன்ன அந்தச் சிப்பாய் தோள்பக்கம் பிடித்திருந்தான். இருநூறு அடியும் அவனுக்குப் பேச்சு விழுந்துகொண்டே போனது, பலகையை இடது பக்கம் சாய்க்கிறானாம்.

ஆசுப்பத்திரியில் இரத்தம் இரண்டு பைந்து வேண்டும், ஆளைக் கொண்டுவாருங்கள் என்றார்கள். ஆறு பேர் வந்தார்கள், எல்லாரும் மிசி பிரசவம் பார்த்த பிள்ளைகளின் தகப்பன்மார். அதில் ஒருவன், மனைவிக்கு வலி வந்தபோது வாசற்படியில் மயங்கி விழுந்தவன், ஊசியைக் கண்டதும் மறுபடியும் விழுந்தான். "அவன எழுப்பி வீட்டுக்கு அனுப்புங்க, அவன்ட ரத்தம் ஏறினா நானும் விழுந்திருவன்" என்று வாட்டிலிருந்து சத்தம் வந்தது. சம்மதப் பத்திரத்தில் கணவர் அல்லது ஆண் உறவினர் கையெழுத்து வேண்டும் என்று கிளாக்கர் சொன்னார். தம்பி பேனையை எடுத்தார். மிசி அதைப் பறித்துத் தானே கையெழுத்து வைத்தார். "முள்ளந்தண்டு என்னுடையது. கிழிஞ்சாலும் நான்தான் பொறுப்பு."

டொக்டர் பாதத்தைத் தட்டிப் பார்த்தார். போன மாதம் வந்திருக்கலாம் என்று மட்டும் சொன்னார். நான் மிசியைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்க்கவில்லை.

வியாழன் காலையில் பச்சை உடுப்புப் போட்டு, தலைமயிரைத் துணியில் கட்டி, தள்ளுவண்டியில் தியேட்டர் வாசலில் விட்டிருந்தார்கள். உள்ளே இன்னும் ஆயத்தம் முடியவில்லை. மிசி என் மணிக்கட்டைப் பிடித்தார்.

"போன மாசம் அந்தப் புள்ளையோட நிண்டன்தானே."

"ஓம்."

"பக்கத்து ஊர் மிசி வந்து பாக்கிறனெண்டவ. அவளிட்டக் குடுத்திட்டு நான் வந்திரிக்கலாம்." தியேட்டர் கதவைப் பார்த்தார். "எனக்குப் பயமா இரிந்திச்சுகா. வெட்டுவாங்க, ஒழும்பாமலே போயிருவன் எண்டு. அந்தப் புள்ளய ஒரு சாட்டாப் புடிச்சிக்கிட்டன். ஒருத்தருக்கும் சொல்லாத."

எப்போதும் வாய் மூடாதவள் நான். நரம்பைப் பற்றி ஏதாவது சொல்ல வாயெடுத்தேன்.

"இப்ப குழாயத் தொடங்காத" என்றார். கதவு திறந்தது.

வலி போய்விட்டது. கண் விழித்ததும் வாட்டு மிசிமாரிடம் கட்டில் விரிப்பு சரியில்லை என்று சண்டை பிடித்தபோதே எனக்கு அது தெரிந்துவிட்டது. பாதம் திரும்பவில்லை. மூன்று மாதம், ஆறு மாதம் பார்த்தோம். நான் ஒவ்வொரு சனிக்கிழமையும் "தூக்குங்க மிசி" என்பேன். பெருவிரல் அசையாது. வேலையை விட்டுத் தன்னாமுனையில் வந்து இருக்கச் சொல்லித் தம்பி கேட்டார். ஓய்வுக்கு எழுதித் தருகிறோம் என்று சுகாதாரக் கந்தோரில் சொன்னார்கள். "காலாலயா நான் புள்ள எடுக்கிற?" என்று கேட்டுவிட்டு அந்தக் கடுதாசியைத் திருப்பிக் கொடுத்தார். அந்தப் பயத்தைப் பற்றி அவர் பிறகு ஒருநாளும் பேசவில்லை. நானும் யாருக்கும் சொல்லவில்லை, இப்போதுதான் சொல்கிறேன். பயந்த ஆள் என்று தெரிந்த பிறகுதான் எனக்கு அவரைக் கூடுதலாகப் பிடித்தது. தவறவிட்ட அந்த ஒரு மாதத்துக்காக அவர்மேல் இருந்த கோபமும் அப்படியே இருக்கிறது.

விழுந்த பாதம் பெடலில் நிற்காமல் வழுக்கி வழுக்கிப் போனது. அதற்கு அவர் கண்ட வழி, சைக்கிள் ட்யூபை வாராக வெட்டி இடது காலைப் பெடலோடு சேர்த்துக் கட்டுவது. கட்டிக்கொண்டு ஏறினால் ஓடலாம். இறங்குவதுதான் கஷ்டம். யாராவது சைக்கிளைப் பிடிக்க வேண்டும், அவர் குனிந்து முடிச்சை அவிழ்க்க வேண்டும். சாவடியில் சைக்கிளை விட்டு இறங்கித்தான் போகவேண்டும் என்பது சட்டம். மிசி சட்டத்தை மீறவில்லை. பாதையை மறித்துப் போட்ட தடிவரை போய், முன்சில்லை அதில் முட்டுக்கொடுத்து நிறுத்தி, நிற்கிற சிப்பாயைக் கூப்பிடுவார்.

"ஹேண்டில இறுக்கிப் புடி மகன். ஆட்டாத."

அவன் துவக்கைத் தோளில் தொங்கவிட்டு இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நிற்பான். அவர் அவசரமில்லாமல் முடிச்சை அவிழ்ப்பார். இருநூறு அடி நடத்திக்கொண்டுபோய், அக்கரையில் இன்னொருவனைப் பிடிக்கவைத்து மறுபடியும் கட்டுவார். பின்னால் லொறிகள் நிற்கும். ஆசுப்பத்திரியில் சேர்ந்த தன் கர்ப்பிணிகளைப் பார்க்கக் கிழமைக்கு மூன்று நாள், போகவும் வரவும். முடிச்சைக் கொஞ்சம் லேசாகக் கட்டினால் சுணங்காமல் அவிழ்க்கலாமே மிசி என்று ஒருநாள் கேட்டேன்.

"லேசாக் கட்ட எனக்குத் தெரியாதா?" என்றார்.